பிடியாள் அளவை: மெய்நிகர் ஆட்டத்தில் ஆழ்ந்துபோவோரை அளக்கக் காவிரிப் படுகையிலிருந்து ஒரு முறைமை

ஆழ்வின் அளவை பிடிப்போர் எண்ணே.

இது சூத்திரம். இதற்கு இளம்பூரணரோ நச்சினார்க்கினியரோ உரை செய்யவில்லை. சூத்திரமே அண்மையில்தான் பிறந்தது என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உரையையும் இவ்வாய்வாளரே எழுதிக்கொள்ள நேர்ந்தது. இதன் பொருள்: தலையில் விஆர் கருவியை மாட்டிக்கொண்டு ஆடுகிற ஒருவர் எவ்வளவு தூரம் ஆழ்ந்துபோனார் என்பதை, அவர் விழாமலும் பிறரை அடிக்காமலும் இருக்க எத்தனை பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று எண்ணி அறிக என்றவாறு. அலகின் பெயர் பிடியாள். தொடாமல் தூரத்திலிருந்து "டேய், தூண்டா!" என்று கத்துபவர் அரைப் பிடியாள்.

அறிஞர் உலகம் இதுவரை வேறு வழிகளில் அளந்து வந்திருக்கிறது. 1998இல் விட்மர், சிங்கர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்காகவே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். ஆடி முடித்தவரிடம், அங்கேயே இருந்ததுபோல் எவ்வளவு தோன்றியது என்று பலவிதமாகக் கேட்டு ஏழு படிகளில் மதிப்பெண் வாங்குவது அந்த முறை. தஞ்சை மாவட்டத்தில் இது செல்லாது. இங்கே கல்யாணப் பந்தி, புதுப் படம், கண் ஆபரேஷன் எதைப் பற்றிக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்ற ஒரே பதில்தான் வரும். அதை எந்தப் படியில் வைப்பது?

விஆர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் விஷயத்தை இரண்டாகப் பிரித்தார். 'நான் இந்த இடத்தில்தான் இருக்கிறேன்' என்னும் இட மயக்கம் ஒன்று. 'இது நிஜமாகவே நடக்கிறது' என்னும் நிகழ்வு மயக்கம் மற்றொன்று. பொய் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் இரண்டும் நேரும் என்பதுதான் அவர் சொன்னதில் சுவாரசியமான பகுதி. வட கரோலினா பல்கலைக்கழகத்தார் அதற்கு முன்பே இதயத் துடிப்பை எண்ணிப் பார்த்திருந்தார்கள். கருவியை மாட்டியவருக்கு அறை நடுவே சுமார் 20 அடிப் பள்ளம் தெரியும்; துடிப்பு ஏறும். நிஜத் தரையில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு மரப் பலகையைப் போட்டு, அதன் விளிம்பைக் கால் உணரும்படி செய்தபோது துடிப்பு இன்னும் ஏறியது. கண்ணுக்கு இருபது அடி, காலுக்கு ஒன்றரை அங்குலம். கூட்டுச் சதியில் கால்தான் கெட்டிக்காரக் கூட்டாளி.

காவிரிப் படுகையில் அந்தப் பலகையின் இடத்தில் தென்னை இருக்கிறது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்தைச் சாய்த்துப் போட்டால் பாலம். தலையில் நாற்றுக்கட்டோடு அதில் நடந்து பழகியவர்கள், வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து நீட்டிய பலகையில் நடக்கச் சொல்லும் விஆர் ஆட்டத்தைக் கண்டு அசையமாட்டார்கள் என்பது இவ்வாய்வின் முதற் கருதுகோள். சோதிக்க உறவில் ஒரு பெரியவர் கிடைத்தார். கருவியை மாட்டியதும் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, துளியும் தள்ளாட்டமில்லாமல் கடைசி வரை நடந்தார். அங்கே நின்றுகொண்டு, "கீழ தண்ணி எவ்வளவு இருக்கும் தம்பி?" என்று கேட்டார்.

இவர் ஆழ்ந்தாரா இல்லையா? பிடிப்போர் எண் பூஜ்யம். ஆனால் செருப்பைக் கழற்றியவர் ஆழவில்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. சூத்திரத்துக்கு நேர் எதிரான இந்தச் சான்று, முறைமைக் காரணங்களை முன்னிட்டு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

தலைசுற்றலையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. உட்காதின் அரைவட்டக் குழல்கள் தலை அசைவதை மூளைக்குச் சொல்கின்றன. கண் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் வயிறு புரளும். டவுன் பஸ்ஸில் குனிந்து செல்போன் பார்க்கிறவருக்குக் காது ஆடுகிறது, கண் சும்மா இருக்கிறது. விஆரில் கண் பறக்கிறது, காது கூடத்தில் நிற்கிறது. கணக்கு தலைகீழ், வாந்தி ஒன்றே. பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகும் நம் வழக்கத்தை இதற்கும் நீட்டலாம் என்றால், இரண்டு கையிலும் கன்ட்ரோலர் இருக்கிறது. பழத்தைப் பிடித்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்பது வருங்கால ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது.

இனி அளவீடுகள். செல்போன் விளையாட்டு: பூஜ்யம். பொருட்காட்சியில் நாற்காலியோடு ஆட்டும் விஆர் கடை: ஒரு பிடியாள். அவர் கடைக்காரப் பையன். ஒரு கையால் உங்கள் தோளைப் பிடித்து மறு கையால் அடுத்தவரிடம் காசு வாங்குகிறார். தூணும் ஊஞ்சலும் உள்ள பழைய வீட்டுக் கூடத்தில் வாள் வீசும் ஆட்டம்: சட்டையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் அத்தையைச் சேர்த்து ஒன்றரை. விளையாடும் எல்லையை முன்கூட்டியே வரையச் சொல்லி, அதை நெருங்கினால் கண்முன் கட்டம் காட்டும் வசதி கருவியிலேயே இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லை வரைந்த பிறகு குறுக்கே வந்து படுக்கும் தாத்தாவை அந்தக் கட்டம் காட்டிக்கொடுக்காது.

கருவியின் வரலாற்றிலும் பிடிமானம் உண்டு. 1968இல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் காட்டிய தலைக்கருவி மிகக் கனமானது. கூரையிலிருந்து இறங்கிய இயந்திரக் கையில் தொங்கியது. மாட்டினால் கம்பிக் கோடுகளால் ஆன கனசதுரம் ஒன்று காற்றில் நிற்பதுபோல் தெரியும். வீட்டுக்கு வீடு உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி வைத்திருந்த நாம் அதில் ஊஞ்சலை மட்டுமே மாட்டினோம் என்பது துயரம். இன்றைய கருவி சுமார் அரைக் கிலோ. கூரை தேவையில்லை, அத்தை போதும்.

ஆனால் இந்த அளவையின் உச்ச எண் பொருட்காட்சியில் கிடைப்பதில்லை. அது தஞ்சாவூருக்குப் பக்கத்தில், மேலட்டூரில் கிடைக்கிறது. நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர் மானியமாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். மே மாத வாக்கில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்பு பாகவத மேளா நடக்கிறது. மேலட்டூர் வெங்கடராம சாஸ்திரி இயற்றிய நாடகங்கள் தெலுங்கில். ஆடுவோர் அனைவரும் ஆண்கள். இரவில் தொடங்கினால் விடியும்வரை போகும். 'பிரகலாத சரித்திர'த்தில் நரசிம்மராக வருபவர் விரதமிருந்து, பூஜையில் வைத்து வணங்கப்படும் சிம்ம முகத்தை அணிகிறார். அணிந்ததும் ஆவேசம் வருகிறது. இரணியன் மீது பாய்ந்துவிடாதபடி பலர் சேர்ந்து அவரை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரணியன் எதிரே நின்று வாதாடுகிறான்.

தலையில் மாட்டும் கருவி, ஆழ்வு, பிடியாள், தாண்டக்கூடாத எல்லை: நான்கும் இருக்கின்றன. இல்லாதவை, வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும் திரையும் சார்ஜரும்தான். ஸ்லேட்டர் சொன்ன இரண்டாவது மயக்கம் இங்கே மின்சாரமில்லாமல் நடக்கிறது. அதுவும் தெலுங்கு தெரியாத பெருங்கூட்டத்துக்கு. விஆரில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அவர் ஒருவர் மட்டுமே வேறு உலகம் போகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு வெறுங்காற்றில் கைவீசும் பைத்தியம்தான் தெரியும். மேலட்டூரில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார், தெருவே போகிறது. ஆளுக்கொரு ஹெட்செட் விற்கும் கம்பெனிகளுக்கு இந்த வணிக முறை பிடிக்காது.

இவ்வாய்வாளரின் சந்தேகம் ஒன்று எஞ்சி நிற்கிறது. ஆவேசம் வந்ததால் பிடிக்கிறார்களா, பிடிப்பதால் ஆவேசம் ஏறுகிறதா? பொருட்காட்சியிலும் பார்க்கலாம்: பையன் தோளைப் பிடித்த பிறகுதான் அலறல் பெரிதாகிறது. விழமாட்டோம் என்று உறுதியான பிறகுதான் மனிதன் தைரியமாக விழத் தொடங்குகிறான் என்றால், பிடியாள் என்பவர் அளவுகோலா, அளக்கப்படும் பொருளின் காரணமா? இதைத் தீர்க்க ஒரே ஒரு ஒப்பீட்டுச் சோதனை போதும்: ஒருமுறை மட்டும், யாரும் பிடிக்காமல் நரசிம்மரை ஆடவிடுவது. ஆய்வு நெறிமுறைப்படி அதற்கு இரணிய வேடமிடுபவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். படிவம் தயாராக இருக்கிறது; கொண்டுபோய்க் கொடுக்கத்தான் யாரும் முன்வரவில்லை.