நினைவு மலர் போடுற மருமோனுக்கு

மருமோனே, கொம்மாவின்ர முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கப் போறியாம். வாட்ஸ்அப்பில நீ அனுப்பின வாழ்க்கைக் குறிப்பைப் பேரன் வாசிச்சுக் காட்டினான். குடும்பத்தின் குலவிளக்கு, இறைபக்தி மிக்கவர், தோட்டக்கலையில் ஆர்வம் கொண்டவர். நல்லாத்தான் இருக்கு. பேரை மாத்தினால் கொட்டாஞ்சேனையில போன மாசம் செத்த எந்தக் கிழவிக்கும் அளவாயிருக்கும். அச்சகக்காரனே வேற ஆரின்ரயோ மலரில இருந்து உருவித் தந்தவனோ எண்டு எனக்கொரு சமுசயம்.

நீ கனடாவில படிச்ச பிள்ளை, நான் இளவாலையில வெங்காயம் கிண்டினவன். எண்டாலும் கூடப்பிறந்தவன் சொல்லுறன், கேள்.

முதல்ல அந்த 'ஆர்வத்தை' வெட்டு. உன்ர மனிசி ரெண்டு சாடியில கள்ளி வைச்சிருக்கிறாவே, அதுக்குப் பேர் ஆர்வம். கொம்மாவுக்கு அது வழக்கு. செம்பாட்டு மண்ணில பிறந்தவவைக் கொண்டுவந்து ஹெந்தளையில விட்டால் விடுவாவோ? பக்கத்தில முத்துராஜவெலச் சதுப்பு. முந்தி நெல் விளைஞ்ச நிலமாம், உப்புத்தண்ணி ஏறிப் பாழாப்போச்சு. அந்த உப்பை வடிக்கவெண்டுதான் வெள்ளைக்காரன் 1802இல தொடங்கி 1804இல ஹமில்டன் கால்வாயை வெட்டி முடிச்சான். வள்ளம் ஓடிச்சுது, வயல் திரும்பி வரேல்லை. கொம்மாவிட்டக் கால்வாய் இல்லை, பொச்சுமட்டை இருந்தது. முழங்கையளவு கிடங்கு வெட்டி, அடியில மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேல சாணியும் காய்ஞ்ச இலையும் போட்டு மிதிச்சுப்போட்டுத்தான் முருங்கைத் தடியை நடுவா. தடியின்ர நுனியில சாணி அப்பி விடுவா, வெயிலில காயாமல். கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர். மீன் கழுவின தண்ணி தேசிக்கு. கொப்பருக்குத் தேத்தண்ணி ஆறிப்போகும், தேசிக்குத் தண்ணி பிந்தாது.

அந்தக் கண்டுகள் எங்கால வந்ததெண்டும் எழுது. ஆர் செத்தவீட்டுக்குப் போனாலும் கைப்பையில செபமாலையோட ஒரு சின்னக் கத்தியும் போகும். அழுதுபோட்டு வரேக்க வேலியோரத்து குரோட்டனில ஒரு கொப்பு குறைஞ்சிருக்கும். கன்னியர்மடத்து அந்தூரியமும் எப்பிடி எங்கட முத்தத்துக்கு நடந்து வந்ததெண்டு சிஸ்டர்மாருக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

இறைபக்தி... ஓம், பக்திதான். ஆனால் கைகூப்பி நிண்ட பக்தி இல்லை, கணக்குக் கேட்ட பக்தி. செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போய், உன்ர விசாவுக்கு எத்தினை கிழமை மெழுகுதிரி கொளுத்தினவ, இன்னும் எத்தினை மிச்சம் எண்டு அவருக்கே சொல்லிக் காட்டுவா. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுக்குப் பிறகு, யூன் மாசம் கோயில் திறக்குமட்டும் அவரோட கோவம். திறந்தாப்பிறகு ஒரு பை செவ்வரத்தம்பூவோட போய் ராசியாகிட்டா. செபமாலை சொல்லுறதும் முத்தத்திலதான். ஒரு கையில மணி உருளும், மற்றக் கை புல்லுப் பிடுங்கும். மாரிகாலத்தில புல்லுக் கூட, ஐம்பத்துமூண்டு மணியும் காணாதெண்டு ரெண்டாந்தரமும் தொடங்குவா.

ஹெந்தளை எண்டால் கொழும்பாக்கள் முகஞ்சுழிச்ச காலமொண்டு இருந்தது. 1708இல ஒல்லாந்தர் கட்டின குஷ்டரோக ஆஸ்பத்திரி இஞ்சதானே. மரியாயின் சேனைப் பெண்டுகளோட அங்க போய், நோயாளியளிட்டயே செடி வளர்க்கிற நுணுக்கம் கேட்டு வந்தவ. இரக்கப்பட்டுப் போன மற்றவை கேக்கை குடுத்திட்டு ஓடி வந்திட்டினம்.

குலவிளக்கை என்ன செய்யிறது? 2016 மே மாசம் களனி கங்கை பெருகி ஒழுங்கைக்குள்ள தண்ணி வந்த நாளை எழுது. அலுமாரிக்கு மேல ஏத்தினது அந்தூரியச் சாடிகளை. கட்டிலுக்குக் கீழ மிதந்தது உன்ர சேட்டிபிக்கற். கேட்டதுக்கு, "அவன் திரும்ப எடுப்பான், இது திரும்பப் பூக்குமோ?" எண்டவ. நீயும் எடுத்தாய்தானே.

ஒண்டு மட்டும் பகிடி இல்லை. எல்லாருக்கும் இடியப்பம் போட்டு முடிச்சு, சட்டியடியில மிஞ்சின சொதியை நிண்டபடி குடிச்சதுதான் அவவின்ர ராச்சாப்பாடு. அதைத் 'தியாகம்' எண்டு நீ எழுதியிருக்கிறாய். ஒரு கதிரை இழுத்துப் போட எங்களில ஒருத்தனுக்கும் தோன்றேல்லை எண்டு எழுதினால் என்ன, தாள் கிழிஞ்சு போகுமோ? என்ர பேரையும் சேர்த்தே போடு.

ஞாயிறில போன் எடுத்து "அம்மா, பூ பூத்திட்டுதோ?" எண்டு கேட்ட பிள்ளை நீ. காணியை வித்துப்போட்டு, மலருக்குக் கலர் அட்டை போடுறாயெண்டும் கேள்வி. வாங்கிறவன் முத்தத்துக்கு சீமெந்து ஊத்துவான். அதுக்கு முதல் கண்டுகளைப் பிரிக்கவேணும். கிணத்தடிச் சிவப்புக் குரோட்டன் எனக்கெண்டு கொம்மா சொன்னவ. சாட்சி இல்லை. அதால கடைசிப் பக்கத்தில, உன்ர நன்றி நவிலலுக்கு மேல, அதையும் ரெண்டு வரியில அடிச்சு விடு. அச்சில வந்திட்டால் உன்ர கொக்காவால ஒண்டும் கதைக்கேலாது.