'குறைந்தபட்சத் தேவை'க்கு ஒரு மேல்முறையீடு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
காவடிச்சிந்து பாடகர் (வீட்டுக்குள் மட்டும்),
பாளையங்கோட்டை.

பெறுநர்:
பாட்டுப் பதிவு மென்பொருள்களுக்குக் 'குறைந்தபட்சத் தேவை' நிர்ணயிக்கும் உயர் அலுவலர் அவர்கள்,
எந்த ஊரோ, எந்த மாடியோ.

பொருள்: வீட்டில் பாட்டுப் பதிவு – மலிவு விலைக் கணினி வாங்கியது – பாடியவர் காதுக்குப் பாட்டு நேரத்தில் வந்து சேராதது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்பு, கடைசிப் பக்கம், பொடி எழுத்து.

ஐயா,

34 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். பொய்யும் இல்லாமல் பயனும் இல்லாமல் ஒரு வரி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். 'டூயல் கோர் பிராசசர், 4 ஜிபி ரேம்' என்று தாங்கள் எழுதியிருந்த ஒற்றை வரியைப் படித்ததும், மேலதிகாரி உள்ளே வந்ததுபோல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைப் பையன் சீட்டைப் பார்த்தான். அப்பளம்போல் மெலிந்த லேப்டாப் ஒன்றை நீட்டினான். 32,000 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் தங்கள் வாக்கு பலித்தது: மென்பொருள் திறந்தது. அது திறந்து முடிப்பதற்குள் நான் காப்பி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன் என்பது வேறு விஷயம். திறக்கும் என்றுதான் தாங்கள் சொன்னீர்கள். பாடலாம் என்று எங்கும் சொல்லவில்லையே. குறைந்தபட்ச ஊதியம் போலத்தான் இதுவும். உயிர் போகாது, அதற்குமேல் கேட்கக் கூடாது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினேன். பாடியது ஒருவன், காதில் கேட்டது இன்னொருவன். என் தங்கை மகன் வந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினான். கணினி என் குரலை 1,024 சாம்பிள் சேரும்வரை பிடித்து வைத்துத்தான் மேலே அனுப்புகிறதாம். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் அது 23 மில்லிசெகண்டு. உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை: குறைந்தது 46. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, என் குரல் 16 மீட்டர் தள்ளி, எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்று எனக்கே பின்பாட்டுப் பாடியிருக்கிறது. குரலைப் பிடித்து வைக்கும் இந்தப் பஃபரை 128 சாம்பிளாகக் குறைத்தால் போக வர 6 மில்லிசெகண்டு. அதாவது 2 மீட்டர். கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் உட்காரும் தூரம். அந்தத் தூரத்தில் யாருக்கும் தாளம் தப்பாது.

குறைத்தேன். குரல் பக்கத்தில் வந்தது; கூடவே கடுகு தாளிக்கும் சத்தமும் வந்தது. 128 சாம்பிள் என்றால் 3 மில்லிசெகண்டுக்கு ஒரு கோப்பு மேஜைக்கு வரும். அடுத்தது வருவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். ஒரு தடவை தவறினால் 'டப்'. எங்கள் அலுவலகத்தில் இந்த விதி இருந்திருந்தால் மாவட்டமே பட்டாசுக் கடைபோல் வெடித்திருக்கும்.

கோர் விஷயமும் அப்படியே. எட்டுக் கோர் என்று பெட்டியில் பெருமையாகப் போடுகிறார்கள். எட்டு எழுத்தர்கள், சரி. ஆனால் என் குரலின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக எதிரொலி, இனிமை, சுருதித் திருத்தம் என்று அடுக்கினால், அந்த வரிசை முழுவதும் பெரும்பாலும் ஒரே எழுத்தரின் மேஜை வழியாகத்தான் போகிறது. மற்ற ஏழு பேரும் டீக்கடையில். எத்தனை பேர் என்பதைவிட, மேஜையில் இருக்கும் ஆள் எவ்வளவு வேகம் என்பதே பாட்டுக்கு முக்கியம். இதைப் பொடி எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

மேல்முறையீடாகக் கடைக்குத் திரும்பினேன். "அப்போ கேமிங் லேப்டாப் எடுங்க சார்" என்றான் பையன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கீபோர்டில் திருவிழா விளக்கு. சிறிது நேரம் ஓடியதும் விசிறி சுருதி பிடித்தது. ரைஸ்மில் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. மைக் என்னைவிட அதைத்தான் நன்றாகக் கேட்கும். அந்த விலையில் கணிசமான பங்கு கிராபிக்ஸ் கார்டுக்காம். தொண்டைக்கு அதனால் ஒரு மிளகளவு உபயோகமும் இல்லை. தங்கை மகன் காதோடு சொன்னான்: "வேண்டாம் மாமா. இது பாட்டுக்கு உள்ள மிஷின் இல்லை, சண்டைக்கு உள்ளது."

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பையும் பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன். 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இசைத்தட்டு, அவர் தங்கியிருந்த வீட்டில், நான்கே டிராக் கொண்ட ஒரு கேசட் ரெக்கார்டரில் பதிவானது. அதில் ரேமே கிடையாது. தங்கள் நிர்ணயப்படி அது நடந்திருக்கவே முடியாது. ஆகவே அந்த இசைத்தட்டை ரத்து செய்து ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். "ரஹ்மான்கூட 1989இல் வீட்டை ஒட்டித்தானே ஸ்டூடியோ கட்டினார்" என்று மனைவி தைரியம் சொன்னாள். அவர் வீட்டை ஒட்டி இருந்தது பஞ்சதன். என் வீட்டை ஒட்டி இருப்பது மாவு மில்.

கடைசியில் தங்கை மகன் என்னைச் சென்னைக்கு, ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனான். அங்கே அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளைத் துடைத்து, சரிபார்த்து விற்கிறார்கள். எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி: 18,000 ரூபாய். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க அவன் சம்மதிக்கவில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் வரிசை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மெலிந்த லேப்டாப்பில் ரேமைப் பலகையோடு பற்ற வைத்திருந்தார்கள். இந்த டெஸ்க்டாப்பில் மூடியைத் திறந்து நாமே கூட்டிக்கொள்ளலாம். கணினிக்குள் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவையே குடிவைக்கிறவர்களுக்கு 32 ஜிபி வேண்டியிருக்கும். எனக்கு ஒரு தொண்டை, ஒரு ஆர்மோனியம். கையில் காசு தாராளமாக இருந்தால் 2024இல் வந்த மேக் மினி இருக்கிறது: 16 ஜிபி, அறிமுக விலை 59,900 ரூபாய், கராஜ்பேண்ட் இலவசம். ஓய்வூதியக்காரன் அதை வணங்கிவிட்டு நகர்ந்தேன்.

மிச்சப்பட்ட காசில் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். இன்டர்ஃபேஸோடு வந்த ஏசியோ டிரைவர்தான் என் குரலை மொட்டை மாடியிலிருந்து இறக்கி வந்தது. 1997இலிருந்து இருக்கும் சங்கதி இது. ஐயா அவர்களின் கவனத்துக்கு இன்னும் வரவில்லை போலும். பழைய யூஎஸ்பி 2.0 போதாது என்று ஒருவர் பயமுறுத்தினார். அதன் கொள்ளளவு விநாடிக்கு 480 மெகாபிட். 48,000 சாம்பிள், 24 பிட்டில் ஒரு குரலுக்குத் தேவை ஒன்றேகால் மெகாபிட்டுக்கும் குறைவு. தாமிரபரணிப் பாலத்தில் ஒரு சைக்கிள். இடம்தான் பிடிக்கும்: அதே தரத்தில் 12 டிராக், 5 நிமிடப் பாட்டு என்றால் அரை ஜிபிக்குச் சற்று அதிகம். நான் ஒரு சரணத்தை ஒன்பது தடவை பாடுகிறவன். அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுகிறேன். அதன் டிரைவர் நடுவில் புகுந்தாலும் அந்த 'டப்' வரும். பிளக்கில் எர்த் சரியில்லாத நாட்களில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டது. இலவசத் தம்புரா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சுருதிக்கு என்னால் இறங்க முடியவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்தேன்.

எனவே, கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை டிராக், எத்தனை சாம்பிள் பஃபர், எத்தனை மில்லிசெகண்டு என்று அச்சிட வேண்டும்.

2. அது இயலாது எனில், 'திறக்க மட்டும்' என்று மாற்ற வேண்டும்.

3. தாங்கள் ஒருமுறையேனும் தங்கள் குறைந்தபட்சக் கணினியில் ஒரு பல்லவி பாடி, அந்த ஒலிப்பதிவை இணைப்பாக அனுப்ப வேண்டும்.

பதில் வருமென்று நான் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன். வாங்கிய டெஸ்க்டாப்பின் பக்கவாட்டில் ஏதோ ஓர் அலுவலகத்தின் சொத்து எண் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. கிழித்துவிடவா என்று தங்கை மகன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். காலை பத்து மணிக்கு, பழைய நேரத்துக்கே, இருவரும் பணிக்கு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்.

நகல்: லேப்டாப் விசிறி வடிவமைப்போர் – தகவலுக்காகவும், அமைதிக்காகவும்.