இடைவேளைக் கோட்பாடு: மறைமலை நகரிலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: நான்கு வாரம் பொறுத்தால் கைபேசிக்கே வந்துவிடும் படத்துக்காக மறைமலை நகர்க் குடும்பம் ஒன்று குரோம்பேட்டை வரை போவது ஏன்? இவ்வினாவை இதுவரை எழுப்பியவர்கள் அப்பாக்கள் மட்டுமே. அவர்கள் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லையாதலால் அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆய்வுக்களம்: மின்சார ரயிலில் ஏறினால் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம் எல்லாம் கடந்து குரோம்பேட்டை, அங்கே ஜிஎஸ்டி சாலையில் வெற்றி தியேட்டர். காரில்தான் போவோம் என்று அடம்பிடிப்போர் பெருங்களத்தூர் நெரிசலில் ஹீரோ என்ட்ரியை இழக்கக்கூடும். அது தனி ஆய்வுக்குரியது.

வரலாற்றுப் பின்னணி: ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னாளில் வந்த டூரிங் டாக்கீஸ்களில் இருந்தது பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நின்றது. ஊரே சேர்ந்து எழுந்தது, ஊரே சேர்ந்து முறுக்குத் தின்றது. படம் நிற்பது அன்று பொதுச்சொத்து.

கருதுகோள்: ரிமோட் அந்தப் பொதுச்சொத்தைத் தனியுடைமையாக்கிவிட்டது. குக்கர் விசிலுக்கு ஒருமுறை, அத்தையின் வீடியோ காலுக்கு ஒருமுறை, சிலிண்டர்காரருக்கு ஒருமுறை என்று படம் நிற்கிறது. நால்வர் சேர்ந்து தொடங்கியதை நள்ளிரவில் ஒருவர் முடிக்கிறார். மற்ற மூவரும் காலையில், "கடைசில என்னாச்சு?" என்கிறார்கள். தியேட்டரிலோ எவராலும் படத்தை நிறுத்த இயலாது. நின்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும். இடைவேளையே இல்லாமல் எடுக்கப்பட்ட ஹாலிவுட் படத்தையும் நம் தியேட்டர்காரர்கள் நடுவில் வெட்டி விளக்கைப் போடுவது இத்தத்துவத்தை உணர்ந்துதான். அந்தச் சில நிமிடங்களில், கழிப்பறை வரிசையில், முன்பின் அறியாத இருவர் "ஃபர்ஸ்ட் ஹாஃப் பரவால்ல" என்று உடன்படுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இத்தகைய ஒற்றுமை தென்பட்டதாகச் சான்றில்லை.

எதிர்வாதங்கள்: செலவு. 2017-இல் தமிழக அரசு பல்திரை அரங்குகளின் டிக்கெட்டுக்கு, வரி நீங்கலாக, 150 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. அந்தக் கருணை பாப்கார்னை எட்டவில்லை. வீட்டுப் பலகாரம் கொண்டுபோகலாமா? வெளி உணவைத் தடுக்க அரங்குகளுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குடிநீரை மட்டும் இலவசமாகத் தரவேண்டும். கைக்குழந்தைக்குரிய உணவைப் பெற்றோர் எடுத்துச் செல்லலாம். எனவே முறுக்கு விரும்பிகள் முதலில் கைக்குழந்தையாதல் வேண்டும்.

முன் இருக்கைக்காரரின் கைபேசி வெளிச்சமும் கடுமையான எதிர்வாதமே. ஆயினும் அவர்மீது கொள்ளும் கோபத்தில் குடும்பம் முழுவதும் ஓரணியில் திரள்வதால், அதையும் கோட்பாட்டுக்கு ஆதரவான சான்றாகவே கொள்ளலாம்.

முடிவு: தியேட்டருக்குப் போவது இன்றும் தகும். படம் நன்றாயிருக்க வேண்டிய கட்டாயமில்லை. மோசமான படமென்றால் திரும்பும் ரயிலில் கூடுவாஞ்சேரி வரை திட்டிக்கொண்டே வரலாம். தனியாகப் போகாதீர்கள். கிளம்பும் முன் சாப்பிட்டுவிடுங்கள். இரவுக் காட்சி என்றால் கடைசி செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.