சுருட்டக் கூடாத அட்டை

பணி ஓய்வு பெற்ற மறுமாதம் எனக்குள்ளிருந்த ஓவியன் எழுந்து உட்கார்ந்தான். 35 வருஷம் கோப்புகளின் ஓரத்தில் மேலதிகாரிகளின் மூக்கை வரைந்து பழகிய கை. பென்சில் இருந்தது. நேரம் இருந்தது. எதிர்வீட்டு வேப்பமரம் தயாராக நின்றது. நல்ல அட்டைதான் இல்லை. கண்ட தாளில் வரைந்து மரத்தை அவமதிக்க மனம் வரவில்லை.

நல்ல அட்டை என்றால் பிரிஸ்டல் போர்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பெயர் அதற்கு. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தியிருப்பார்கள். விறைப்பாக நிற்கும், இரண்டு பக்கமும் வரையலாம். வழுவழுப்பானது மைப்பேனாவுக்கு, லேசாகச் சொரசொரப்பது பென்சிலுக்கு. அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் 11-க்கு 17 அங்குல பிரிஸ்டலில் பெரிதாக வரைவார்களாம். அச்சில் படம் சுருங்கும்போது கோட்டின் நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும். நடுக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே, இது எனக்காகவே செய்த அட்டை என்று தெரிந்துவிட்டது.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் 22-க்கு 30 அங்குலத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். 300 ஜி.எஸ்.எம். விலையை இங்கே எழுதுவதற்கில்லை. இந்தப் பத்திரிகையை என் மனைவியும் படிக்கிறாள்.

"சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுரவா சார்?"

"ஐயையோ, சுருட்டவே கூடாது!"

சொல்லிவிட்டேன். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் அதைச் சுருட்டாமல் கொண்டுவருவது யார் வேலை என்பது அப்புறம்தான் உறைத்தது. உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைத்தது. நின்றால் வாசல் காற்றில் பாய்மரம்போல் என்னை இழுத்தது. கணக்குப் பார்த்தால் அதன் எடை 128 கிராம்தான். தோள்வலி மூன்று நாள் இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் பரிவோடு கேட்டார்: "பேத்திக்கு ஸ்கூல் ப்ராஜெக்டா சார்?"

ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்லும் தெம்பு இல்லை.

வீட்டில், "சார்ட் அட்டை நம்ம தெருமுனைக் கடையிலயே கிடைக்குமேங்க" என்றாள் மனைவி. சதுர மீட்டருக்கு 300 கிராம் என்ற கணக்கை விளக்கினேன். ஜெராக்ஸ் தாள் 70, 80 என்ற அளவில்தான் இருக்கும் என்றேன். ரப்பர் போட்டு அழித்தாலும் பஞ்சு எழும்பாது என்றேன். "அட்டையைக்கூட எடை போட்டா விக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை அட்டையை மேசையில் விரித்து, பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். இவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை. முதல் கோடு கோணலாகிவிட்டால்? கை வசப்படட்டும் என்று ஒத்திகையாகப் போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் வேப்பமரத்தை வரைந்தேன். பிரமாதமாக வந்தது. கிளையில் காக்கைகூட உட்கார்ந்தது. இதே மரத்தை நல்ல அட்டையில் வரையலாமே என்று திரும்பினால் மறுபடியும் அந்த வெள்ளை. இப்படியே கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் ஒன்பது வேப்பமரங்கள் வளர்ந்தன. பிரிஸ்டல் பீரோ மேல் ஏறியது.

ஐப்பசி மழை வந்தது. ஒருநாள் அண்ணாந்து பார்த்தால், அட்டை ஆட்டோ கூரைபோல நடுவில் உப்பியிருந்தது. காகித நார் ஈரத்தைக் குடித்தால் பருக்கும். மேல்பக்கம் மட்டும் குடித்து, பீரோவோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் குடிக்காவிட்டால் அட்டை வளையத்தான் செய்யும். வைத்தியமும் எனக்குத் தெரியும்: குடிக்காத பக்கத்தை ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றி, மேலே பாரம் வைக்கவேண்டும். நான் ஒற்றவில்லை. வாசல் தெளிப்பதுபோல் தெளித்தேன். பாரத்துக்கு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து எடுத்தேன். அட்டை தட்டையாகியிருந்தது, அதை மறுக்கமுடியாது. ஒரு மூலை மட்டும் பரோட்டாபோல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. ஒட்டித்தான் செய்வார்கள் என்பதைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று. தெளித்த பக்கத்தின் நடுவே அம்மியின் மஞ்சள் ஒரு முழு நிலவாக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வரையலாம் என்பதால் திருப்பி வைத்துவிட்டு, இன்னும் பத்து நாள் கை பழகட்டும் என்று காலண்டர் அட்டை தேடப் போனேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின ராத்திரி, மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி என் பென்சிலோடு அட்டையின் மேல் குனிந்திருந்தாள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. தாமரைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு அட்டை முழுக்கப் படர்ந்திருந்தன. நாலு இடத்தில் அழித்துப் போட்டிருக்கிறாள், தடயமே இல்லை. கோட்டில் நடுக்கமும் இல்லை.

நான் வாயைத் திறக்குமுன் அவள் நிமிர்ந்தாள்.

"நல்ல அட்டைங்க. எத்தனை தடவை ரப்பர் போட்டாலும் பஞ்சே எழும்பலை. பொங்கல் கோலத்துக்கு இன்னொண்ணு வாங்கிட்டு வந்துருங்க. சுருட்டாம கொண்டாங்க."