தூரத்து நாரையும் தொட்டி மீனும்

வேடந்தாங்கல் ஏரியின் நடுவே நீர்க்கடம்ப மரத்தில் அமர்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையையும், வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் உலாவும் ஏஞ்சல் மீனையும் ஒரே காமிராவில் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையைப் போல் குடும்பத்தின் பொருளாதாரத்துக்கு விரோதமான ஆசை பிறிதொன்று இருப்பதாக நான் அறியேன்.

நாரைக்கு வேண்டியது 600 மி.மீ. லென்ஸ். அதில் உத்தமமான ஜாதி ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ளது. அதன் விலையைக் கேட்டவர்கள் எடையைப் பற்றி முறையிடுவதில்லை. தூரத்துப் பறவையின் இறகை எண்ணிக் காட்டும் அந்த மகானுபாவன், நாலு மீட்டருக்கு உட்பட்ட எப்பொருளையும் கண்ணெடுத்துப் பாரேன் என்று சங்கற்பம் செய்துகொண்டிருப்பதால், அதைக் கொண்டு தொட்டி மீனைப் படமெடுக்க விரும்புகிறவர் கூடத்தைக் கடந்து, ரேழியையும் கடந்து, திண்ணையில் நின்றுதான் குறி பார்க்க வேண்டியிருக்கும். மாறாக, 100 மி.மீ. மாக்ரோ லென்ஸ் ஓரடித் தூரத்தில் மீனின் செதிலை அதன் நிஜ அளவிலேயே சென்ஸாரில் பதித்துத் தரும். ஆயினும் முதுமலையில் ஒரு புலியின் முகம் அதில் சட்டம் நிறைய விழ வேண்டுமானால், புலிக்கும் நமக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் இடைவெளிதான் அனுமதிக்கப்படும். புலிக்கு அதில் ஆட்சேபணை இராது.

இவ்விரண்டுக்கும் நடுவே சமரசம் பேசுகிறவர் கடைக்காரர். அவர் முதலில் நம் சம்பளத்தை நாசூக்காக விசாரித்துக்கொண்டு, பின்னர் 150 முதல் 600 வரை நீளும் ஜூம் லென்ஸ் ஒன்றை மேஜைமீது வைக்கிறார். அது முழுதும் நீண்ட நிலையில் அதன் துவாரம் 6.3-க்குச் சுருங்கிவிடும் என்பதும், பறக்கும் பறவைக்கு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே கிட்டும் என்பதும், ஆதலால் விடியற்காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற ஏற்றப் படமெங்கும் ரவை தூவியது போலாகிவிடும் என்பதும் பில் போட்ட பிறகு வெளியாகும் ரகசியங்கள். சிறிய சென்ஸாருள்ள காமிராவில் 600 என்பது 900 ஆகிவிடும் என்றும் அவர் உபதேசிப்பார். படத்தின் ஓரங்களைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிஞ்சியதைப் பெரிதென்று சொல்லும் அந்தக் கணிதத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் எவரும் கற்பிக்கவில்லை.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் காவியமாக்கியவருமான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த உபதேசங்களுக்கெல்லாம் காத்திராமல், ஒரு காமிராவின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் வேறு சில உறுப்புகளையும் தாமே பொருத்தி, அதற்குச் 'சூப்பர் பாண்டரோஸா' என்று நாமகரணமும் செய்தார். அத்தகைய கைத்திறன் நம் போன்றோருக்கு வாய்க்காமையால்தான் கடைக்காரர்களின் குடும்பங்கள் க்ஷேமமாக இருக்கின்றன.

ஆனால் மீன் தொட்டி விஷயத்தில் லென்ஸைவிட ஒரு முழம் கறுப்புத் துணி அதிக உபகாரி என்பது என் அபிப்பிராயம். கண்ணாடியைச் சாய்வாக நோக்கினால் மீன் கோணலாகத் தெரியும். நேராக நோக்கினாலோ மீனுக்கு முன்னால் நம் முகாரவிந்தம் பிரதிபலிக்கும். ஆகவே கூடத்து விளக்குகளை அணைத்து, தொட்டிக்கு மேலே மாத்திரம் ஒளியை நிறுத்தி, லென்ஸின் ரப்பர் வளையத்தைக் கண்ணாடியோடு செங்குத்தாக ஒட்டவைத்து, எஞ்சிய பிரதிபிம்பங்களைத் தடுக்கக் கறுப்பு உடை தரித்து, மீனாகப் பார்த்து எதிரே வந்து திரும்பும் வரை மூச்சடக்கிக் காத்திருத்தலே சாஸ்திரோக்தமான முறை.

இதற்குக் கார்த்திகை மாதமே சிலாக்கியமானது. இருண்ட கூடத்தில் கறுப்பு வேஷ்டியும் கறுப்புத் துண்டுமாக நான் தொட்டியின் முன் மண்டியிட்டிருந்தபோது உள்ளே நுழைந்த அடுத்த வீட்டுக்காரர், செருப்பை வாசலுக்குத் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்து, மிகுந்த பணிவுடன், "சாமி, இருமுடி என்றைக்கு?" என்று வினவினார். ஏஞ்சல் மீன் அப்பொழுதுதான் நேராகத் திரும்பியிருந்தமையால் நான் வாய் திறக்கவில்லை. மௌன விரதமும் சேர்ந்ததென்று அவர் தெருவெங்கும் சொல்லிவிட்டார்.