கோரம் தேவையில்லை

திங்கட்கிழமை காலையில் ஏதாவதொரு கலெக்டர் அலுவலக வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவோடு நிற்பவர்களின் பையைப் போலீஸ்காரர் துழாவுவார். தண்ணீர் பாட்டில் தட்டுப்பட்டால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். தண்ணீர்தான் என்று மூக்கு சான்று கொடுத்தால் உள்ளே போகலாம். மண்ணெண்ணெய் என்றால் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். இந்த நாளுக்கு மனுநீதிச் சோழன் பெயரையும் சூட்டி வைத்திருக்கிறோம். கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்ததும் ராஜா எழுந்து ஓடி வந்தாராம். பசுவை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டதாகக் கதையில் இல்லை.

அரசாங்கத்துக்குக் காது கேட்காது என்கிறார்கள். அபாண்டம். காதுக்கான ஏற்பாடெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் படியுங்கள். பெரிய ஆலையோ சுரங்கமோ வருமுன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். 30 நாளுக்கு முன் பத்திரிகையில் விளம்பரம், கலெக்டரோ அவர் சார்பில் ஓர் அதிகாரியோ தலைமை, தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ. கல்யாண வீட்டில்கூட முகூர்த்தம் முடிந்ததும் கேமராவை மூட்டை கட்டிவிடுவார்கள். அதே அறிவிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: கூட்டத்தைத் தொடங்கக் கோரம் தேவையில்லை. ஒருத்தரும் வராவிட்டால் என்ன, வாடகை நாற்காலிகள் வந்திருக்கின்றனவே!

கிராம சபைக்கு மட்டும் கோரம் உண்டு. தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் வந்து உட்கார வேண்டும். ஊர் தானாகப் பேசினால் தலையை எண்ணுவார்கள். ஊரிடம் கேட்டதாகக் கணக்குக் காட்ட மட்டும் தலையே வேண்டாம்.

கூட்டம் நடக்கும் அழகைச் சொல்ல வேண்டும். முன்வரிசை முழுக்க வெளியூர் வேனில் வந்து இறங்கியவர்கள். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, ஆலை வந்தால் தங்கள் ஊர் செழிக்கும் என்று படிப்பார்கள். எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. மேசைமேல் ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கை, கையில் கொஞ்சம் தமிழ்ச் சுருக்கம். கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து தன் கிணற்றைப் பற்றிக் கேட்பார். "ஆதரவா, எதிர்ப்பா? அத மட்டும் சொல்லுங்க" என்று மேடை கேட்கும். அவர் குரல் உயர்ந்தால், "ஐயா, கோபப்படாம பேசுங்க, எல்லாம் பதிவாகுது." பதிவாகும், ஐயமே இல்லை. கிணறு வற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2020-இல் அந்த 2006 அறிவிக்கையையே மாற்ற ஒன்றிய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. ஊரடங்கு காலம். மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று பெருந்தன்மையோடு அழைத்தது, இங்கிலீஷிலும் இந்தியிலும். 22 மொழிகளில் கொடுங்கள் என்றது டெல்லி உயர்நீதிமன்றம். உடனே மொழிபெயர்ப்பாளரைத் தேடினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வக்கீலைத் தேடி உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். மொழிபெயர்த்தால் ஜனங்கள் படித்துவிடும் ஆபத்து இருக்கிறதே.

நிஜமாகவே கேட்டால் என்ன ஆகும் என்று 2013-இல் ஒடிஷாவின் நியம்கிரி மலையில் பார்த்துவிட்டார்கள். பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது உச்சநீதிமன்றம். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து வெறும் 12-ஐ மாநில அரசே பொறுக்கி எடுத்தது. பொறுக்கி எடுத்த பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நம் ஆட்சியாளர்கள் அந்த மலையில் கற்றுக்கொண்டு இறங்கிய பாடம் ஒன்றுதான்: இனிமேல் கேட்கவே கூடாது.

தூத்துக்குடியிலும் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி ஜனங்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள். 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். குறை இருந்தால் அங்கே வாருங்கள் என்று வாரந்தோறும் கூப்பிடுகிற அதே அலுவலகம்தான். 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 28-ஆம் தேதி ஸ்டெர்லைட்டை நிரந்தரமாக மூட ஆணை வந்தது. 99 நாள் மந்தமாக இருந்த காது, பிணம் விழுந்ததும் ஆறே நாளில் திறந்துகொண்டது. 17 போலீசார்மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று, துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் பிற்பாடு எழுதிக் கொடுத்தது. அதுவும் ஒரு மனுதானே. அதை யாரும் முழுசாக முகர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அறிவித்த மண்ணையும் சேர்த்து டங்ஸ்டனுக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் போட்டது. ஏலம் ரத்தாகவில்லை. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரைக்குள் வந்தார்கள். 23-ஆம் தேதி ஏலம் ரத்து. (நியம்கிரி, தூத்துக்குடி, அரிட்டாபட்டி மூன்றிலும் எதிரே நின்றது ஒரே குழுமம், வேதாந்தா. பெயரில் மட்டும் பற்றற்ற நிலை.)

தீர்மான நோட்டைத் தூசி தட்டாத அரசு, நெடுஞ்சாலை நிரம்பினால் ஏலத்தையே ரத்து செய்கிறது. இந்தப் பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "ஜனநாயகத்தில் ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கிற முகத்தை என்ன செய்வது?

மேலூர் மக்களின் விருப்பம் புனிதமானது என்று சட்டமன்றத்தில் உருகிய மாநில அரசுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் கண்ணில் படவில்லை. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 சுதந்திர தினத்தன்று அந்த ஊர் கிராம சபையில் தீர்மானம் போட்டது. அடுத்தடுத்த சபைகளிலும் போட்டது. கோரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஒன்றிய அரசு மீறினால் அராஜகம், நாம் மீறினால் வளர்ச்சி.

2024 மக்களவைத் தேர்தல் வந்தது. நூறு சதவீத வாக்குப்பதிவு வேண்டும் என்று தமிழ்நாடெங்கும் கோலம் போட்டார்கள், மாரத்தான் ஓடினார்கள், ஜனங்களின் கருத்து அத்தனை முக்கியமாம். ஏகனாபுரம் தேர்தலைப் புறக்கணித்தது. மிகச் சிலரைத் தவிர யாரும் வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை. அழியாத மை சாயங்காலம்வரை பெரும்பாலும் பாட்டிலிலேயே இருந்தது. ஊரில் கலவரம் இல்லை, கல்லெறி இல்லை. கோபப்படாமல் பேசுங்கள் என்று மேடையில் சொல்வார்களே, அப்படியே பேசியது ஊர்.

முடிவை அறிவிப்பதில் ஒரு தடங்கலும் வரவில்லை. தேர்தலுக்கும் கோரம் தேவையில்லை.