போரால் போக்குவரத்து பாதிப்பு

2009 பிப்ரவரியில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாமியானா போட்டு, நாற்பது பேர் ஒரு பகல் பட்டினி கிடந்தோம். இலங்கையின் வன்னியில் குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி. உத்திரமேரூர் சொல்லி ராஜபக்சே கேட்பாரா என்று சிரிக்காதீர்கள். கேட்க மாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும். வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன மனசு வரவில்லை, தெருவில் வந்து உட்கார்ந்தோம்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து எங்களைத் தேடினோம். உள்பக்கத்தில், கீழ் மூலையில், மூன்று வரி கிடைத்தது. தலைப்பு: 'உத்திரமேரூரில் பயணிகள் அவதி.' வந்தவாசி பஸ் பத்து நிமிஷம் தாமதமாம். எதற்காக உட்கார்ந்தோம் என்று எழுத மூன்று வரியில் இடம் போதவில்லை. பக்கத்தின் முக்கால்வாசியை வீட்டுமனை விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளூர் நிருபரை நான் திட்டமாட்டேன். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், மேலே வெட்டிவிட்டார்கள் என்று டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெட்டியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. வெட்டுகிறவருக்கு எப்போதும் ஏ.சி. அறை இருக்கும், முகம் இருக்காது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. போர் எங்கே நடந்தாலும் நம் செய்தி மேஜைக்கு அது போக்குவரத்துத் துறை சம்பந்தப்பட்ட விஷயம்.

இது உத்திரமேரூர் வழக்கம் என்று நினைத்தால் தப்பு. 2009 மே 9 இரவு முள்ளிவாய்க்காலில் விடிய விடிய ஷெல் விழுந்தது. 378 பேர் செத்தார்கள், 1,100 பேருக்கு மேல் காயம் என்று அங்கிருந்த அரசு மருத்துவர் கணக்குச் சொன்னார். மறுநாள் மாலை டொரண்டோவில் நம் சனம் கைக்குழந்தைகளோடு கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தது. அன்று அங்கே அன்னையர் தினம். அம்மாவைப் பார்க்கப் போன கார்கள் நின்றுவிட்டனவே என்று ஊடகங்கள் உருகின. அந்த 378 பேரில் எத்தனை அம்மா என்று யாரும் உருகவில்லை.

லண்டன் இன்னும் சுத்தம். நாடாளுமன்றத்துக்கு எதிரே பரமேஸ்வரன் என்ற இளைஞர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். சில மாதம் கழித்து 'டெய்லி மெயில்' ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது: தம்பி ரகசியமாக பர்கர் தின்றார், போலீஸ் கேமரா பார்த்துவிட்டது. 'சன்' பத்திரிகையும் சேர்ந்து பாடியது. சொந்த சனமே அந்தப் பையனைச் சந்தேகமாகப் பார்த்தது. வழக்கு போட்டார். அப்படி ஒரு வீடியோவே இல்லை என்று போலீசே சொல்லிவிட்டது. 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, 77,500 பவுண்டு கட்டின. உலகத்திலேயே விலை உயர்ந்த பர்கர் அதுதான். சாப்பிடாதவருக்குக் காசு கொடுத்தார்கள்.

சென்னைக்கு வருவோம். இங்கேயும் ஓர் உண்ணாவிரதம் நடந்தது. 2009 ஏப்ரல் 27, அண்ணா சமாதி. முதல்வர் கருணாநிதி காலை டிபனுக்கு முன்னால் படுத்தார், மதியச் சாப்பாட்டுக்குள் எழுந்தார். கட்டில் இருந்தது, ஏர்கூலர் இருந்தது, குடும்பம் இருந்தது. குடும்பம் இருந்தால் சேனல் இருக்கும். 23 நாள் பட்டினிக்கு பர்கர் கிடைத்தது. அரை நாள் பட்டினிக்கு நேரலை கிடைத்தது. போர் நின்றுவிட்டது என்று வெடி வெடிக்காத குறை. கொழும்போ போர்நிறுத்தம் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்றுதான் சொன்னது. அதுவும் பொய் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு எழுதி வைத்தது. 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்றும் எழுதி வைத்தது. உண்ணாவிரதத்துக்குப் பிறகும் குண்டு விழுகிறதே என்று கேட்டபோது, மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்றார் முதல்வர். நல்ல தமிழ். சேனல்கள் ரசித்தன. தூவானத்தில் நனைந்தவர்களைக் கேட்க அங்கே ஒரு மைக்கும் இல்லை. வெளி நிருபர்களை இலங்கை அரசு உள்ளேயே விடவில்லை; விடச் சொல்லி நம் சேனல்கள் தொண்டை கிழியக் கத்தியதாகவும் ஞாபகம் இல்லை.

கத்த நேரம் ஏது? ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தது. மே 13 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு, 16 எண்ணிக்கை. 18-ஆம் தேதி முள்ளிவாய்க்கால் முடிந்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் பார்த்தது டெல்லியில் யாருக்கு எந்த இலாகா என்ற கணக்கு.

முத்துக்குமாரை இதில் எங்கே வைப்பது? பத்திரிகை வேலை பார்த்த பையன். 26 வயது. 2009 ஜனவரி 29, சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்தார். எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். மாணவர்கள் திரண்டார்கள். அரசு கல்லூரிகளை மூடியது, விடுதிகளைக் காலி செய்தது. செய்தியில் அதற்குப் பெயர் 'காலவரையற்ற விடுமுறை'. ஏதோ பொங்கல் நீண்டுவிட்டது போல.

பழைய கதை என்பீர்கள். 2025 மே 8, பாகிஸ்தானோடு மோதல் நடந்த இரவு, டி.வி. பார்த்தீர்களா? தேசிய சேனல்கள் கராச்சித் துறைமுகத்தை அழித்தன. இஸ்லாமாபாத்தைப் பிடித்தன. மறுநாள் கராச்சியில் கப்பல் வழக்கம்போல் வந்து போனது. சோபாவில் உட்கார்ந்து பட்டணம் பிடித்த வீரர்கள் மேக்கப்பைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே வாரம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், வாட்ஸப் ஸ்டேட்டசில் இந்தியத் தாக்குதலை விமர்சித்த உதவிப் பேராசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். இல்லாத போரை நடத்தியவருக்கு டி.ஆர்.பி. நடக்கிற போர் வேண்டாம் என்றவருக்கு விசாரணை. மே 10 அன்று சென்னைக் கடற்கரைச் சாலையில் ராணுவத்துக்கு ஆதரவாக முதல்வர் தலைமையில் பேரணி. ஆயிரக்கணக்கில் கூட்டம். எந்தப் பயணியும் அவதிப்பட்டதாக நான் படிக்கவில்லை. போரை ஆதரித்து நடந்தால் சாலை தானாக அகலமாகும் போலிருக்கிறது.

எங்கள் ஊருக்கும் ஊடகப் புகழ் உண்டு. 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னார். பராந்தக சோழன் காலம், குடவோலை, ஜனநாயகத்தின் தாய். வேதம் படித்த, நிலம் வைத்திருந்த ஆண்களுக்குள் மட்டும் ஓடிய சீட்டு அது என்பதை அன்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் எழுதிய ஓலை மறுபடி குடத்துக்குள் விழக் கூடாது. அவன் மட்டுமில்லை, அத்தை மகன், மாமன் மகன், மருமகன், மைத்துனன் என்று உறவு முழுக்கத் தகுதியிழக்கும்.

நம் சேனல் முதலாளிகளின் குடும்பப் படத்தை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள். விதியைப் போட்டால் ஒளிபரப்பில் மிஞ்சுவது கலர் பட்டைதான்.

காசாவுக்காக ஒரு நாள் உட்காரலாமா என்று போன வருஷம் பேச்சு வந்தது. அதே டீக்கடை, பாதிப்பேர் அதே ஆட்கள், முடி மட்டும் நரைத்திருந்தது. பேருந்து நிலையம் வேண்டாம், ஏரிக்கரையில் உட்காருவோம், பஸ்சை மறித்தோம் என்ற பேச்சே வராது என்றார் ஒருவர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "மீன்பிடி பாதிப்புன்னு போடுவான்யா" என்றார்.